கழியில் கடல் கலந்த வழக்கு

மரக்காணத்தில் நிலம் போதவில்லை என்பதைச் சென்னையில் கண்டுபிடித்தார்கள். கிழக்கே கடல் இருப்பதால் அந்தப் பக்கம் நிலம் வளரவில்லை என்றும், இது நெடுங்காலமாகக் கவனிக்கப்படாத குறை என்றும் அறிக்கை சொன்னது. குறையைத் தீர்க்க மிதவைக் கரையோர விரிவாக்க வாரியம் அமைந்தது.

தண்ணீரின் மேல் மிதக்கும் மேடைகளைப் போட்டுக் கரையை நீட்டுவது வாரியத்தின் வேலை. முதல் மேடையைக் கடலில்தான் போட்டார்கள். கடலில் அலை இருந்தது. சோதனைக்கு ஏறிய இயக்குநர் பிரபாகரன் காலையில் சாப்பிட்டதைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு இறங்கினார். இந்தத் திட்டத்துக்குக் கடல் இன்னும் பக்குவப்படவில்லை என்று அன்று மாலையே வாரியம் முடிவு செய்தது. மேடையை இழுத்துவந்து, கடல்நீர் ஊருக்குள் நுழையும் கழியின் வாயில் கட்டினார்கள். கோப்புகளில் அந்த இடத்துக்கு ‘கடலின் அமைதியான பகுதி’ என்று பெயர்.

அங்கும் மேடை சற்று ஆடியது. கடல் ஏறும்போது ஒரு பக்கமும் வற்றும்போது இன்னொரு பக்கமும் இழுத்தது. மிதக்கும் மேடை அசையக் கூடாது என்று இயக்குநர் உத்தரவிட்டார். மேடைக்கு அடியில், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை, கனத்த ரப்பர் திரையைத் தொங்கவிட்டு அதன் காலில் மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். மேடை நின்றது. தண்ணீரும் நின்றது.

கார்த்திகையில் திறப்பு விழா நடந்தது. பிளாஸ்டிக் புல்லும் பெஞ்சுகளும் படம் எடுத்துக்கொள்ள ஆளுயரத்தில் ஊர்ப்பெயரும் இருந்தன. ஊர் கிழக்கே வளர்ந்துவிட்டது என்று பேசினார்கள். கைதட்டினார்கள்.

ஆதிமூலத்தின் உப்பளம் கழிக்கு மேற்கே இருந்தது. நிலம் அரசாங்கத்துடையது. உப்பளச் சங்கத்தின் மூலம் குத்தகை. அப்பா பெயரில் இருந்து அவன் பெயருக்கு வந்தது. குத்தகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆடி பிறப்பதற்குள் அளத்தில் உப்பு வாரியிருக்க வேண்டும். வாராத அளம் திரும்பப் பெற்றுக்கொள்ளப்படும். அந்த நிபந்தனையை அதுவரை யாரும் படித்ததில்லை. வெயிலும் கடலும் உள்ள ஊரில் உப்பு வராமல் போகும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

தை பிறந்ததும் அவன் பாத்திகளை மிதித்துக் கெட்டிப்படுத்தினான். வரப்பைப் பூசினான். மடையைத் திறந்தான். கழித் தண்ணீர் வந்தது. ஒரு கை அள்ளி வாயில் விட்டான். சப்பென்று இருந்தது. கழுவெளி ஏரியில் இருந்து இறங்கிய மழை வெள்ளம் கடலுக்குப் போக வழியில்லாமல் திரைக்கு இந்தப் பக்கம் நின்றது. கடல் அந்தப் பக்கம் நின்றது.

மாசியில் பாத்திகள் பச்சையாயின. பங்குனியில் கோரை முளைத்தது.

“இன்னாய்யா, அளத்துல தவள கத்துது” என்றாள் அவன் மனைவி திரௌபதி. “நாத்து வாங்கிட்டு வா. நட்டுட்டு ஒழுங்கா வெவசாயம் பண்லாம்.”

“கடல் அங்கியேதான் இருக்குது. தண்ணி மட்டும் வர மாட்டுது.”

“மேடையில டிக்கெட் குடுக்கறாங்களாமே. வாங்கிட்டுப் போய்க் கடல எட்டிப் பாத்துட்டு வா.”

கழியில் இறால் வலை போடும் செந்தமிழ் வரப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவன் வலை தையிலிருந்து காய்ந்து கிடந்தது.

“எறா குஞ்செல்லாம் ரப்பருக்கு அந்தாண்ட கும்பலா நிக்குதுண்ணே. ஊர்ல இன்னா எழவா, வாசல சாத்திட்டாங்களேன்னு கேக்குது.”

“நீ இன்னா சொன்ன?”

“வாரியத்துல கேளுன்னு சொல்லிட்டேன்.”

ஆதிமூலம் வாரியத்தில் கேட்கப் போனான். மக்களுக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதற்காக வாரியத்தின் அலுவலகம் மேடையின் மேலேயே இருந்தது. மேடையில் ஏற டிக்கெட் வாங்க வேண்டும். உயிர்காக்கும் சட்டை போட வேண்டும். அந்த இடத்தில் தண்ணீர் அவன் இடுப்புக்குத்தான் வரும். சட்டை கழுத்து வரை வந்தது. வாசலில் இருந்த பெண் அவன் மணிக்கட்டில் காகித வளையம் ஒட்டி, இனிய சுற்றுலா அமையட்டும் என்றாள். குறை சொல்ல வருகிறவர்களும் பயணிகள் கணக்கில்தான் சேர்ந்தார்கள். குறைகள் கூடக்கூடச் சுற்றுலா வளர்ந்தது.

இயக்குநர் பிரபாகரன் கோபப்படாத மனிதர். நாற்காலியைக் காட்டினார்.

“சொல்லுங்க ஐயா. மேடை எப்படி இருக்குது?”

“நல்லா இருக்குதுங்க. எங்க அளத்துக்குத் தண்ணிதாங்க வர்ல.”

“வருதே. நானே பார்த்தேன். ததும்பி நிக்குது.”

“அது மழத் தண்ணிங்க. உப்பே இல்ல.”

இயக்குநரின் முகம் மலர்ந்தது. சுற்றுச்சூழல் பிரிவின் தலைவர் முனைவர் வைஜெயந்தியை உடனே கூப்பிட்டார். “மேடம், வாங்க. இவர் சொல்றதைக் கேளுங்க. உப்பே இல்லைங்கறார். பப்ளிக் வாயாலயே வருது.”

வைஜெயந்தி லேப்டாப்போடு வந்தார். ஒரு படத்தைக் காட்டினார். அதில் சிவப்புக் கோடு ஒன்று மேலிருந்து கீழே விழுந்துகொண்டிருந்தது.

“இந்தக் கழி முன்னாடி எந்த நிலைமையில இருந்துச்சு தெரியுமா ஐயா? அவ்வளவு உப்பு. குடிக்க முடியாது. ஒரு ரோஜாச் செடிக்கு ஊத்த முடியாது. இந்த மாசு எங்கேருந்து வருதுன்னு ட்ரேஸ் பண்ணோம். யாருமே பண்ணாத வேலை.” அவர் ஜன்னல் வழியே கிழக்கே கை நீட்டினார். “அங்கேருந்து வருது.”

அங்கே வங்காள விரிகுடா இருந்தது.

“சோர்ஸையே பிளாக் பண்ணிட்டோம்” என்றார் வைஜெயந்தி.

“அந்த உப்புத் தண்ணிதாங்க எங்களுக்கு வேணும்.”

இருவரும் அவனைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஐயா, நீங்க மாசைத் திருப்பி விடச் சொல்றீங்க” என்றார் இயக்குநர்.

“கடல் தண்ணி கேக்கறேங்க.”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

அவனுக்கு ஒரு குளிர்பானமும் கழியைக் காப்போம் என்று அச்சிட்ட தொப்பியும் கொடுத்து அனுப்பினார்கள். மாசு வேண்டும் என்று கோரிய பயணி ஒருவருக்கு விழிப்புணர்வு ஊட்டப்பட்டது என்று மாதாந்திரக் குறிப்பில் வந்தது.

பங்குனி முடிவதற்குள் சுற்றுச்சூழல் பாதிப்பு ஆய்வு வெளியாயிற்று. மேடைக்கு முந்தைய நிலையையும் பிந்தைய நிலையையும் ஒப்பிடுவது ஆய்வின் முறை. கருவிகள் மேடைக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தன. ஆகவே கருவிகள் வந்த நாளை முந்தைய நிலை என்று வைத்துக்கொண்டார்கள். இரண்டு நிலைகளுக்கும் வேறுபாடு தென்படவில்லை. மேடை நிலத்தைத் தொடவில்லை; ஆகவே நிலத்துக்குப் பாதிப்பு இல்லை. மேடை கடலில் இல்லை. ஆகவே கடலுக்குப் பாதிப்பு இல்லை. கழி என்ற சொல்லுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

உயிரினங்கள் பெருகியிருந்தன. அளத்தில் நின்ற பூநாரைகள் போய்விட்டன. அவற்றின் இடத்துக்கு நாமக்கோழிகள் நிறைய வந்திருந்தன. பறவைகளின் எண்ணிக்கையில் முன்னேற்றம் என்றும், கால் நீளத்தில் மட்டும் சிறிய சரிவு என்றும் ஆய்வு சொன்னது. கொசு, பறக்கும் உயிரினங்கள் என்ற தலைப்பில் சேர்ந்தது.

சித்திரையில் கருத்துக்கேட்புக் கூட்டம். அதையும் மேடையிலேயே வைத்தார்கள். ஊர் முழுக்க வந்து கரையில் நின்றது. அத்தனை பேரும் ஒரே பக்கம் ஏறினால் மேடை சாய்ந்துவிடும் என்று பொறியாளர் எச்சரித்தார். ஆதரிப்பவர்கள் வலப்பக்கமும் எதிர்ப்பவர்கள் இடப்பக்கமும் சம எடையில் உட்கார வேண்டும் என்று முடிவாயிற்று. ஆதரிப்பவர்கள் வாரியத்தின் ஊழியர்கள் மட்டும்தான். ஆகவே அந்த எடைக்குத்தான் எதிர்க்க முடிந்தது. வாசலில் தராசு வைத்திருந்தார்கள்.

திரௌபதி தராசில் ஏறினாள். முள்ளைப் பார்த்த ஊழியர் அவளை இறங்கச் சொன்னார்.

“ஏம்பா, உங்க ஆளுங்களை ரெண்டு வேள துன்னுட்டு வரச் சொல்லு. அப்புறம் நான் ஏர்றேன்” என்றாள்.

சிறப்பு விருந்தினர் கனமானவர். அவர் வலப்பக்கம் உட்கார்ந்ததும் எதிர்ப்பாளர்களில் இருவர் கூடுதலாக ஏற இடம் கிடைத்தது. அவர் ஆற்றிய மக்கள் தொண்டு அது. அப்படி ஏறியவர்களில் ஆதிமூலம் ஒருவன்.

இயக்குநர் பேசினார்.

“நண்பர்களே. இந்த மேடையால யாருக்கு லாபம்னு சிலர் கேக்கறாங்க. இது லாபத்துக்கான திட்டம் இல்லை. யாருக்கும் எந்தப் பலனும் போய்ச் சேராத மாதிரி ஒரு திட்டத்தை இவ்வளவு வெளிப்படையா இதுவரைக்கும் யாரும் நடத்தினதில்லை. உலகம் பூரா கடல்மட்டம் ஏறுது. கரையெல்லாம் முழுகும். ஊரெல்லாம் முழுகும். அன்னைக்கு மிதக்கறது நாங்க மட்டும்தான். அதனால கடல் ஏறுதேன்னு நாங்க கவலைப்படலை. உண்மையைச் சொன்னா, ரொம்ப நாளா எதிர்பார்த்துக்கிட்டு இருக்கோம்.”

வலப்பக்கம் கைதட்டியது. மேடை கொஞ்சம் சாய்ந்தது. சமநிலைக்காக இடப்பக்கமும் தட்டும்படி பொறியாளர் கேட்டுக்கொண்டார்.

ஆதிமூலத்திடம் மைக் வந்தது.

“பெருசா ஒண்ணும் கேக்கலீங்க. அடியில இருக்கற ரப்பரைக் கொஞ்சம் தூக்கி வுட்டீங்கன்னா போதும். தண்ணி தானா வந்துரும். ஆடி வந்தா அளம் போயிடுங்க.”

“திரையைத் தூக்கினா மேடை ஆடும்” என்றார் இயக்குநர். “ஆடினா இப்ப நீங்களே விழுவீங்க. உங்க பாதுகாப்புக்காகத்தான் உங்களுக்குத் தண்ணி விடாம வச்சிருக்கோம். அதைப் புரிஞ்சுக்கணும்.”

ஆதிமூலம் யோசித்தான். “நான் எறங்கிட்டா தூக்குவீங்களா?”

“நீங்க இறங்கிட்டா கேட்கறதுக்கு ஆள் இல்லையே. அப்புறம் எதுக்குத் தூக்கணும்?”

கரையில் இருந்து திரௌபதியின் குரல் வந்தது. “அவரு கெடக்கறாரு. ரப்பர அவுத்து வுடுய்யா.” கரையில் நின்ற ஊர் முழுக்க அதையே சொன்னது. கரை திட்ட எல்லைக்குள் வரவில்லை என்றும், அங்கிருந்து வரும் சத்தத்தைக் கருத்தாக எடுத்துக்கொள்ள இயலாது என்றும் வைஜெயந்தி விளக்கினார். கூட்டம் ஒருமனதாக முடிந்தது.

ஆனாலும் வாரியம் இரக்கமில்லாதது அல்ல. அடுத்த வாரம் லாரி வந்தது. உப்பளக்காரர்களுக்கு ஆளுக்கொரு மூட்டை பாக்கெட் உப்பு இறக்கினார்கள். அயோடின் கலந்தது. பாத்தியில் கொட்டிக் கரைத்து வெயிலில் காயவிட்டால் உப்பு விளையும் என்று துண்டுச்சீட்டில் செய்முறை இருந்தது.

“உப்பப் போட்டு உப்பு எடுக்கணுமாம்” என்றாள் திரௌபதி. மூட்டையைச் சமையலுக்கு உள்ளே எடுத்துப் போனாள்.

“எனக்குக் கருவாட்டு பாக்கெட் குடுத்திருக்காங்க அண்ணி” என்றான் செந்தமிழ். “கழியில ஊறப்போட்டா எழுந்து நீந்தும்போல.”

சங்கச் செயலாளர் பஞ்சநாதன் வைகாசியில் வந்தார். வரப்பில் நின்று கோரையைப் பார்த்தார்.

“ஆதிமூலம், ஆடி வருதுப்பா. ஒரு கூடையாவது வாரிக் காட்டு. இல்லன்னா எழுதிடுவாங்க.”

“இத எடுத்துக்கினு அவங்க இன்னா பண்ணப் போறாங்க?”

“மேடைக்கு வர்ற வண்டியெல்லாம் நிறுத்தறதுக்கு நிலம் போதலியாம்.”

வைகாசி அமாவாசை அன்று கடல் நன்றாக ஏறியது. காலையில் ஆதிமூலமும் செந்தமிழும் மேடைக்குக் கீழே இறங்கினார்கள். ஒளிந்து செய்யவில்லை. ஒளிந்து செய்வது எப்படி என்று ஆதிமூலத்துக்குத் தெரியாது. மூட்டைகளை உருட்டி, கயிற்றை அறுத்து, திரையின் ஒரு முனையைத் தூக்கினார்கள். கடல் உள்ளே வந்தது. மேடை ஆடியது. மேலே இருந்த பயணிகள் அதையும் காட்சி என்று நினைத்துக் கைதட்டிப் படம் பிடித்தார்கள். ஆதிமூலம் அளத்துக்கு ஓடினான். மடையைத் திறந்தான். வந்த தண்ணீரை அள்ளிக் குடித்தான். குமட்டியது. இன்னொரு கை அள்ளினான்.

மதியம் போலீஸ் வந்தது. மாலைக்குள் திரையைக் கட்டி, மூட்டைகளை இரட்டிப்பாக அடுக்கிவிட்டார்கள். அளத்துக்கு வந்த கொஞ்சம் கடலும் மழைத் தண்ணீரில் கலந்து சப்பென்று ஆனது.

கழியில் கடல்நீரைக் கலந்தான் என்பது புகார். செந்தமிழை மிரட்டி அனுப்பினார்கள். அளம் வைத்திருப்பவன் என்பதால் உள்நோக்கம் ஆதிமூலத்துக்குத்தான் இருந்தது.

காவல் நிலையத்தில் ஏட்டு பக்கிரி எழுத உட்கார்ந்தார். ஓய்வு பெற இரண்டு ஆண்டு இருந்தது. எதிலும் மாட்டிக்கொள்ளாமல் போய்விட வேண்டும் என்பது அவர் கவலை.

“ஏம்பா, கலந்த பொருள் எங்க?”

“கடல்லதாங்க இருக்குது.”

“அத்தனையும் ஸ்டேஷன்ல வைக்க முடியாது. ஆனா சாட்சிப் பொருள் இல்லாம கேஸ் நிக்காது.”

ஆய்வுக்குப் போதுமான அளவு கைப்பற்ற வேண்டும் என்று வாரியம் எழுதியது. மேடையில் குழந்தைகள் விளையாடும் காற்றடித்த நீலத் தொட்டி ஒன்றைக் கொடுத்து உதவியது. தொட்டியை நிலையத்தின் முற்றத்தில் விரித்துக் கணுக்கால் அளவுக்குக் கடல்நீர் ஊற்றினார்கள். உள்பக்கம் தண்ணீர் நின்ற இடத்தில் கோடு போட்டு, தேதி எழுதி, அளவு குறையக் கூடாது என்று கையெழுத்து வாங்கினார்கள். பக்கிரியின் கையெழுத்து. வைஜெயந்தி வந்து பரிசோதிக்க வேண்டும். கடலில் உப்பைக் குறைப்பது பற்றி உரையாற்ற அவர் வெளிநாடு போயிருந்தார்.

ஆதிமூலத்துக்கு ஜாமீன் கிடைத்தது. தினமும் காலையில் நிலையத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

ஒரு காலை அவன் போனபோது பக்கிரி தொட்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார்.

“தண்ணி கோட்டுக்குக் கீழ போயிடுச்சுடா. எவன் குடிச்சான்?”

“வெயில்ங்க.”

“வெயில் மேல கேஸ் எழுத முடியுமா? நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கறேன். போய்க் கொண்டாந்து ஊத்து.”

“எங்கிருந்துங்க?”

“நீ எங்கிருந்து கலந்தியோ அங்கிருந்துதான்.”

ஆதிமூலம் வண்டியில் இரண்டு கேன்களைக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போனான். கொண்டுவந்து கோடு வரை ஊற்றினான். மறுநாளும் குறைந்திருந்தது. மறுநாளும் ஊற்றினான். தினமும் வெயில் தண்ணீரை எடுத்தது. தினமும் அவன் கடலைக் கொண்டுவந்தான். அளத்தில் அவன் அப்பா செய்ததும் அவன் செய்ததும் இதே வேலைதான். அதைப் பக்கிரிக்கு அவன் சொல்லவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பானா என்பது சந்தேகம். திரௌபதியிடம் மட்டும் சொன்னான்.

“ஒரு கூடை வருமா?” என்றாள்.

“வரும்.”

“அப்ப வாய மூடிக்கினு ஊத்து.”

ஆனியில் அவன் கையெழுத்துப் போட்ட பிறகும் முற்றத்தில் நின்றான். தொட்டியில் விழுந்த வேப்பிலைகளைப் பொறுக்கினான். தெருநாயை விரட்டினான். இவ்வளவு பொறுப்பான குற்றவாளியைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று பக்கிரி சொன்னார். தண்ணீர் கனத்தது. வழவழப்பு ஏறியது. மாதக் கடைசியில் ஓரங்களில் வெள்ளை கட்டியது. ஆடி பிறக்கச் சில நாள் இருக்கும்போது தொட்டியின் அடி முழுக்க உப்பு.

ஆதிமூலம் பஞ்சநாதனைக் கூட்டிவர ஓடினான். பஞ்சநாதன் வந்து ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டார்.

“நல்ல உப்புதான்” என்றார். “ஆனா உன் அளத்துல வர்லியேப்பா.”

“அளத்துக்கு வரவேண்டிய தண்ணிதாங்க இது.”

“அது சரி. ரூல்ல தண்ணியைப் பத்திப் பேச்சே இல்ல. உப்பு வந்த எடத்தைத்தான் கேக்கறாங்க.”

மறுநாள் வாரியமே வந்தது. இயக்குநர் வந்தார். ஊர் திரும்பியிருந்த வைஜெயந்தியும் வந்தார். அவர் தொட்டியைச் சுற்றி நடந்து, படம் எடுத்து, சிறிது உப்பை அளந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டுக்கொண்டார். முடிவை அங்கேயே சொன்னார். மேடையால் மரக்காணத்தில் உப்பு உற்பத்தி பாதிக்கப்படவில்லை. இடம் மட்டும் மாறியிருக்கிறது.

“இதைத்தான் முதல்லேருந்து சொல்லிக்கிட்டு இருக்கோம்” என்றார் இயக்குநர். “இயற்கை தன்னை அட்ஜஸ்ட் பண்ணிக்கும். மனுஷங்கதான் பண்ணிக்க மாட்டேங்கறாங்க.”

உப்புக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஆதிமூலத்தைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். அவன் மேல் வழக்கு இருந்தது.

ஆடி முதல் நாள் குத்தகை மாறியது. உப்பு வாராத நிலம் என்று ஆதிமூலத்தின் அளத்தைத் திரும்பப் பெற்று, வாகனங்கள் நிறுத்த வாரியத்துக்குக் கொடுத்தார்கள். உப்பு விளைந்த நிலம் என்று காவல் நிலைய முற்றத்தைச் சங்கத்தின் ஏட்டில் சேர்த்தார்கள். இன்ஸ்பெக்டரின் பெயர் உறுப்பினர் பட்டியலில் ஏறியது.

திரௌபதி அளத்துக்குப் போய் மடைப் பலகையைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துவந்தாள். அதை என்ன செய்வது என்று தெரியாமல் சுவரில் சாய்த்து வைத்தாள்.

மறுநாள் காலை ஆதிமூலம் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டான்.

“உப்ப வாரி மூட்டை கட்டிடு” என்றார் பக்கிரி. “இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டாரு.”

அவன் மேலே நின்ற தண்ணீரை வடித்துவிட்டு வாரினான். வாரி முடித்துவிட்டுக் கேட்டான்.

“எத்தினி நாளைக்குங்க நான் வரணும்?”

“கேஸ் முடியற வரைக்கும்.”

“எப்ப முடியுங்க?”

பக்கிரி தொட்டியை எட்டிப் பார்த்தார். அடியில் ஈரம் மட்டும் இருந்தது. கோடு மேலே இருந்தது. அவர் முகம் மாறியது.

“சாட்சிப் பொருள் இல்லாம எப்படிடா முடியும்? மொதல்ல போய்த் தண்ணி கொண்டா.”

ஆதிமூலம் கேன்களை வண்டியில் கட்டிக்கொண்டு கடலுக்குப் போனான்.